முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர்

மலையில் எங்கள் ஊர்களை நாடு என்போம்; வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கம்ப்யூட்டர் சென்டர். மிளகுக்கொடி மானியத்துக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. எங்கள் மலையில் பெண்களில் பாதிப் பேருக்கு அம்மன் பெயர், ஆண்களில் பாதிப் பேருக்குச் சாமி பெயர். பெயரை வைத்து ஆளைத் தேடினால் விடிந்துவிடும். அதனால் மானியத் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் பிரவுசரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையிலேயே தட்டிப் பழகியிருந்தேன்.

ஒரு நாள் ஒரு அக்காவின் விண்ணப்பத்தைத் தேடும்போது கடைசி எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். பெயர் சரி, புருஷன் பெயரும் சரி. பக்கத்தில் இருந்த அக்கா போட்டோவைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங்க, இது நானில்லீங்க. இவ குண்டனி நாட்டுக்காரி.”

அந்தக் குண்டனி நாட்டுக்காரியின் பட்டா, பாஸ்புக், ஆதார், போன் நம்பர் எல்லாம் திறந்து கிடந்தன. நான் அன்று லாக்இன்கூடச் செய்திருக்கவில்லை. உடனே மூடினேன்.

தளத்தை நடத்தும் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. திரும்பத் திரும்ப அடித்ததில் போனில் ஒருவர் சிக்கினார்.

“அடுத்தவங்க பேப்பரை நீங்க எதுக்கும்மா பாத்தீங்க? வெளிய சொன்னா உங்க ஐடியை முடக்கிடுவோம்.”

விண்ணப்பம் போடும் ஐடி போனால் எனக்கு ஜெராக்ஸ் மெஷின்தான் மிச்சம்.

ஒரு மாதம் கழித்து ஒரு புது பிரவுசரை அனுப்பினார்கள். எல்லா சென்டர்களும் இனி அதில்தான் வேலை செய்ய வேண்டுமாம். திறந்தால், முகவரிப் பட்டையே இல்லை! பழைய பிரவுசரில் என் சொந்த விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தேன். என் பாஸ்புக் முன்போலவே பல்லிளித்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னால், பார்த்தவளின் கண்ணைக் கட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் கம்ப்யூட்டரில் நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எனக்கே காட்டாத பிரவுசர் எதற்கு? அதை அழித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

குண்டனி நாட்டில் அந்தம்மா மரவள்ளிக் காட்டில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“வேற ஆரு பாத்தாங்க?”

“தெரியலீங்க.”

“தெரியலீங்கறதச் சொல்லவா இத்தன தூரம் வந்த கண்ணு?”

“ஆமாங்க. உங்க பேப்பரு, உங்களுக்குத் தெரியணுமில்லீங்க.”

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, “அப்ப எல்லார்த்துக்கும் சொல்லு” என்றார்.

சொன்னேன். எந்த எண்ணை எங்கே தட்டுவது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பித்தவர்கள் சேர்ந்து மனு எழுதினோம்; முதல் கைநாட்டு அந்தம்மாவுடையது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்த வாரமே ஓட்டை அடைபட்டது. அதே வாரம் என் ஐடியும் போயிற்று.

இப்போது ஜெராக்ஸ்தான் போடுகிறேன். போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஐடி திரும்பக் கிடைக்குமாம். ‘தளத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை என உறுதி அளிக்கிறேன்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

ஒரே ஒரு எண் மாறியதில்தான் எல்லாம் தொடங்கியது. ‘எந்தக் குறையும் இருக்கவில்லை’ என்பதைப் பேனாவால் கோடிட்டு அடித்தேன். மேலே ‘குறை இருந்தது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.