நாலாவது பந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலை டிவிசன் கிரிக்கெட் டீமைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வாய் வராது. அவர்கள் எல்லோர் காலிலும் சப்பாத்து இருந்தது. தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் ஐயாவின் மகன்தான் கெப்டன். அவன் அவுட்டானால் உடனே போக மாட்டான். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பான், தப்பெல்லாம் மட்டையுடையது என்கிற மாதிரி. கடைவீதி டீம் அதற்கும் மேலே. பந்து அவர்களுடையது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று றக்வான பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ன கடை, என்ன திறப்பு? கேட்க ஆளில்லாததால் செய்தார்கள்.

மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்து டீமை மட்டும் என்னால் அப்படி வெறுக்க முடியவில்லை. அவர்கள் நன்றாக விளையாடினார்கள், அதுதான் எரிச்சல். அவர்களுடைய கெப்டன் கிராம சேவகரின் தம்பி. மாத்தயா என்றால் ஐயா, ஜீ.எஸ். மாத்தயாவின் தம்பி என்றுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். என் சித்தப்பாவைக் கண்டால் "மச்சங்" என்று தோளில் கைபோடுவான். ஆனால் நான் சொல்லப் போகிற ஆட்டத்துக்கு முந்திய வருடம் நாங்கள் அவர்களைத் தோற்கடித்துவிட்டு ஏறி வந்தபோது, வழியில் நின்ற நாலைந்து பேர் எங்கள் பையன்களைப் பார்த்துச் சிங்களத்தில் புலிகள் என்று கூவினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். ஜெயித்துவிட்டு எதற்காக இப்படித் தலைகுனிய வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் டீம் மேல் டிவிசன். கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள், வெறுங்கால், சித்தப்பா செதுக்கிய பலாப்பலகை மட்டை. எங்களுக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் ஒரு துண்டுத் தரை, மூன்று பக்கமும் தேயிலை. தேயிலைக்குள் தூக்கி அடித்தால் அவுட், அடித்தவனே போய்ப் பந்தைத் தேட வேண்டும், அட்டை கடித்தால் அதுவும் அவன் பாடு. இதுதான் எங்கள் சட்டம். இந்தச் சட்டத்தில் வளர்ந்ததால் எங்கள் பையன்களுக்கு உருட்டி அடிக்க மட்டும்தான் தெரியும். வெளி மைதானத்தில் இடுப்பு உயரத்துக்கு லட்டு மாதிரி ஒரு பந்து வந்தாலும், தூக்கி அடிக்கப் பயந்து தட்டிவிட்டு நிற்பார்கள். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

அதனால் எங்களை ஜெயிக்க வைத்ததெல்லாம் சித்தப்பாவின் பந்துதான். அப்பாவின் தம்பி. மெலிந்த உடம்பு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. அவர் பந்து போட்டால் மட்டைக்காரனின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் விழும். ஒன்று காலைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சியை இழக்க வேண்டும். அந்த வருடம் ஆறு ஆட்டத்தில் பதினேழு விக்கெட். இதை நான் சும்மா சொல்லவில்லை, என் கொப்பியில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு ஓவரும், ஒவ்வொரு பந்தும். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பொம்பளப் புள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று லயத்தில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களே பிறகு வந்து, போன ஞாயிறு யார் எத்தனை அடித்தது என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

கொப்பியில் எழுதப் பழக்கியது அப்பா. அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் முகம் கழுவி, தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க, வாசி பாப்போம்" என்று உட்காருவார். நான் முதல் பந்திலிருந்து வாசிப்பேன். நடுவில் ஒரு பந்தை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்த மாதம் அவர் வரவில்லை. கடைசி ஆட்டம் எங்களுக்கும் கிராமத்து டீமுக்கும், கோப்பைக்கு. அதற்கும் அப்பா இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். கடை முதலாளியை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

பாவம், அந்த முதலாளி மேல் குற்றமில்லை. கொழும்பில் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். அப்பாவிடம் அடையாள அட்டை கிடையாது. பிறப்புச் சான்றிதழே இல்லாதவருக்கு அட்டை எங்கிருந்து வரும்? இவர் இந்தத் தோட்டத்து ஆள்தான், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான் என்று கிராம சேவகர் ஒரு கடிதம் தர வேண்டும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் விடுவார்கள், இல்லாவிட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் ஜீ.எஸ். மாத்தயா. லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் வாய் அப்படிப்பட்ட வாய், சொன்னால் அடுத்த நிமிடம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அவள் நினைத்ததில் தப்பில்லை.

ஆட்டம் கிராமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில். கிரிக்கெட் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா அன்றைக்குக் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கி வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டும். ஜெயித்தால் சித்தப்பாவுக்கு மரியாதை செய்யத்தான் என்று நினைத்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜீ.எஸ். மாத்தயாவின் வீடு மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சித்தப்பா பந்து போடப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது, அதில் யாரும் இல்லை.

கடைசி ஓவர். அவர்களுக்குப் பன்னிரண்டு ஓட்டம் வேண்டும். மட்டையோடு நிற்பது கெப்டன், ஜீ.எஸ்ஸின் தம்பி. பந்து சித்தப்பாவின் கையில். கோப்பை எங்களுக்குத்தான் என்று நான் அப்போதே கொப்பியின் ஓரத்தில் ஒரு கோப்பைப் படம் வரைந்துவிட்டேன்.

முதல் பந்து கட்டைவிரலுக்கு. ஓட்டமில்லை. இரண்டாவது பந்து இடுப்பு உயரத்தில் போனது, நாலு ஓட்டம். நான் பென்சிலை நிறுத்திவிட்டேன். ஆறு ஆட்டத்தில் சித்தப்பா ஒருமுறைகூட இடுப்பு உயரத்துக்குப் பந்து போட்டதில்லை. கை வழுக்கியிருக்கும். மூன்றாவதும் அப்படியே, இரண்டு ஓட்டம். ஒரு கை இரண்டு தடவையா வழுக்கும்?

நாலாவது பந்து மறுபடியும் பழைய பந்து. கெப்டனின் மட்டைக்கு அடியில் புகுந்து, ஓரக்குச்சியை ஒரு விரல் அகலத்தில் தாண்டிப் போய்விட்டது. எங்கள் பக்கம் எல்லோரும் "ஐயோ" என்று தலையில் கைவைத்தார்கள். சித்தப்பாவும் தலையில் கைவைத்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. தப்பிவிட்டதே என்ற வருத்தம் என்று எழுதிக்கொண்டேன். ஆமாம், கொப்பியில் அப்படியே எழுதினேன்.

ஐந்தாவது நாலு. ஆறாவது பந்தை அவர் போட்ட விதத்துக்கு என் தம்பிகூட அடித்திருப்பான். அது மைதானத்தைத் தாண்டி, ஜீ.எஸ். வீட்டு வேலிக்குள் போய் விழுந்தது.

எங்கள் பையன்கள் அவருக்குக் கை களைத்துவிட்டது என்றார்கள். காற்று என்றார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பதினேழு விக்கெட்டையும் ஒவ்வொன்றாக எழுதியவள் நான். என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நேராக மைதானத்துக்குள் ஓடினேன். கெப்டனைத் தூக்கிக்கொண்டு ஆடியவர்களுக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே கத்தினேன், எங்க சித்தப்பா வேண்டுமென்றேதான் தோற்றார் என்று. என் சிங்களம் சுத்தமான சிங்களம். ஒரு எழுத்து பிசகவில்லை.

ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். தோளிலிருந்து இறங்கிய கெப்டன் சித்தப்பாவிடம் வந்தான். "எத்தத மச்சங்?" உண்மையா என்று மெதுவாகத்தான் கேட்டான். அம்மா வெற்றிலைக் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அதற்கு முன்னாலும் அவர் என்னை அடித்ததில்லை, பின்னாலும் இல்லை. பிறகு கெப்டனைப் பார்த்துச் சிரித்தார். "பிஸ்ஸு மல்லி, இவளுக்குப் பைத்தியம் தம்பி, சின்னப் பிள்ள, தோத்தத தாங்க முடியல" என்று பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொல்லி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கெப்டன் சிரிக்கவில்லை. கோப்பையை அவர்களில் வேறு யாரோதான் போய் வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவன் சித்தப்பாவை "மச்சங்" என்று கூப்பிட்டு நான் கேட்கவே இல்லை.

நான் வேலியோரம் உட்கார்ந்து அழுதேன். அம்மாவும் சித்தப்பாவும் ஜீ.எஸ். வீட்டு வாசலுக்குப் போனார்கள். அம்மா குனிந்து, இரண்டு கையாலும் வெற்றிலைக் கட்டைக் கொடுப்பது தெரிந்தது. தோற்றது போதாதென்று ஜெயித்தவன் வீட்டுக்கு வெற்றிலை வேறா! சீ, வெட்கம் கெட்டவர்கள் என்று நினைத்தேன். அன்றைக்கே கொப்பியில் அந்த ஆட்டத்துக்குக் கீழே, சித்தப்பா துரோகி என்று பென்சில் முனை ஒடிய எழுதினேன். அடுத்த ஞாயிறு சித்தப்பா விளையாடப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கேட்டால் தோள் வலி என்பார். இன்றுவரை அந்தத் தோள் வலி தீரவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது அடையாள அட்டைக்குக் கடிதம் வாங்க அம்மாவோடு அதே வீட்டுக்குப் போனேன். எதற்காகச் சித்தப்பா அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஜீ.எஸ். மாத்தயா கிழவராகியிருந்தார். அம்மாவை அடையாளம் கண்டு, அப்பாவைப் பற்றி விசாரித்தார். பிறகு செல்லமாகக் குறைபட்டுக்கொண்டார். "உன் அப்பாவின் கடிதத்தை நான் வெள்ளிக்கிழமையே எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஞாயிறு விடியவே வந்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு ஒரு மரண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் ஆட்கள் ஏதோ மெட்ச் முடியட்டும் என்று என்னைப் பின்னேரம் வரை காக்க வைத்துவிட்டார்கள். எனக்கென்றால் கிரிக்கெட் என்ற சத்தமே பிடிக்காது, அன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் படுத்திருந்தேன்" என்றார்.

அவர் நல்ல மனிதர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் ஏதாவது கேட்டிருந்தால், மிரட்டியிருந்தால், வெறுத்துவிட்டாவது இருந்திருப்பேன். ஒருவரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் பழகியிருந்தோம்.

திரும்பி மலை ஏறும்போது பாதி வழியில் அம்மா நின்றாள். "இத சித்தப்பாகிட்ட சொல்லிறாத புள்ள" என்றாள். "அப்பாகிட்டயும் வேணாம்."

நான் சொல்லவில்லை.

அப்பா வந்தது அந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு. தலையை ஒட்ட வெட்டியிருந்தார். சட்டை யாருடையதோ மாதிரித் தொங்கியது. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க, வாசி பாப்போம்" என்றார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! சித்தப்பா வாசலில் குத்தவைத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் நன்றாக விழட்டும் என்று சத்தமாகக் கடைசி ஓவரை வாசித்தேன். முதல் பந்து, இரண்டாவது பந்து, எல்லாம். கீழே எழுதியிருந்த துரோகி என்பதையும் விடாமல் வாசித்தேன். கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

அப்பா சித்தப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படப் போகிறார், இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

"நாலாவது பந்த இன்னொருக்கா வாசி" என்றார்.

வாசித்தேன்.

"எம்புட்டுத் தள்ளிப் போச்சு?"

நான் என் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினேன். இவ்வளவுதான் என்றேன். அப்பா அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. இந்த லயத்திலேயே ஆட்டத்தின் அருமை தெரிந்த ஆள் என் அப்பா ஒருத்தர்தான் என்று பெருமையாக இருந்தது.

"இந்த வெரலு மட்டும் தள்ளாம இருந்தா நாம ஜெயிச்சிருப்போம்ல அப்பா" என்றேன்.

"ஆமாம்மா" என்றார்.