ஜார்ஜ்டவுன் கேம் மெஷினும் என் கெட்டிக்காரத்தனமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து பினாங்கு போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. பழைய கேம் மெஷின் ஒன்றைப் பார்த்து, சரியாக இருந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு வருவதற்காக. காசு போட்டு, நின்றுகொண்டே விளையாடுவோமே, ஆள் உயரத்தில் ஒரு பெட்டி, அதுதான். ஏர்கோன் பழுது பார்ப்பது என் தொழில், இந்த மெஷின்கள் என் பைத்தியம். வீட்டில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. என் மனைவி அவற்றை "உங்க இன்னொரு குடும்பம்" என்பாள்.

இதே பைத்தியம் பிடித்து, இதேபோல் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வழி, செலவு, மெஷினில் எதைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்கிறேன். அங்கே நான் செய்ததையும் சொல்கிறேன். அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் படத்தைப் பார்த்தேன். போட்டவர் ரீத்தா அக்கா, அறுபதை நெருங்கியவர். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அவர் கணவர், பட்டர்வொர்த்தில் ஒரு கேம் கடை மூடியபோது ஆசைப்பட்டு வாங்கி வந்த மெஷினாம். கணவர் இறந்து இரண்டு வருடம். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெளிநாட்டுப் பெட்டி இல்லை அது, உள்ளூர்த் தச்சர் செய்தது. இரண்டு பக்கமும் யாரோ கடைப் பலகை எழுதுகிறவர் கையால் வரைந்த ஓவியம்: மஞ்சள் வானம், சிவப்பு ராக்கெட், அதை ஓட்டுகிறவருக்கு நல்ல அடர்த்தியான மீசை. மீசை வைத்த விண்வெளி வீரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படத்தில் இருப்பதுபோல் இருந்தால் ஐயாயிரம் வெள்ளி தருகிறேன் என்று போனில் சொன்னேன். அக்கா உடனே தன் நிலைமையைச் சொன்னார். வாடகைக்கு இருந்த கடைவீட்டை அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். செபராங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே பேரப்பிள்ளைகளோடு கூடத்தில்தான் படுக்க வேண்டும்; இந்தப் பணம் வந்தால் பின்பக்கம் தடுப்புச் சுவர் எழுப்பித் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்ளலாம் என்றார். நான் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நண்பன் மணியின் வேன், அவன் ஓட்டுக்கூலியும் சேர்த்து இருநூறு வெள்ளி. பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். பாலத்துக்கு ஏழு வெள்ளி உட்பட, போகவர டோல் நாற்பத்து மூன்று வெள்ளி ஆனது. ஃபெரியில் இப்போது கார், வேன் ஏற்றுவதில்லை, ஆகவே பழைய நினைப்பில் பட்டர்வொர்த் பக்கம் திரும்பிவிடாதீர்கள். ஜூருவிலிருந்து பிறை தாண்டும்வரை லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு பினாங்கு ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் வேனை நிறுத்தினோம்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே அழைத்துப் போய், மேலே போர்த்தியிருந்த துணியைப் பெருமையாக எடுத்தார். மெஷின் கன்னங்கரேல் என்று பளபளத்தது. மஞ்சள் வானம் இல்லை, ராக்கெட் இல்லை, மீசைக்காரரும் இல்லை.

"நீங்கதானே தம்பி போன்ல கேட்டீங்க, கிளீனா இருக்கான்னு? எனக்கு வெக்கமா போச்சு. அழுக்கா எப்படிக் குடுக்குறது? மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்கு முன்னூறு வெள்ளி குடுத்து அடிக்கச் சொன்னேன். இப்ப புதுசு மாதிரி இல்ல?"

நான் கேட்டது உள்ளே தூசி, கரையான் இருக்கிறதா என்பதற்காக. அவர் அதை, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் வீட்டைக் கழுவிவிடச் சொன்னதுபோல் எடுத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பிடிக்கச் சொன்னவன் நான்.

சரி, வந்தது வந்துவிட்டோம் என்று பார்க்க ஆரம்பித்தேன். இனி நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. முதலில் மின்சாரம் இல்லாமல் பாருங்கள். திரைக் கண்ணாடியில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், வருடக்கணக்காக ஓடிய விளையாட்டின் தழும்பு தெரியும். இதில் மேலே புள்ளிக்கணக்கு வரி மங்கலாகப் படிந்திருந்தது. பொத்தான்களுக்குப் பக்கத்தில் சிகரெட் சுட்ட கறுப்பு வட்டங்கள் இரண்டு, ஆகவே நிஜமாகவே கடையில் உழைத்த மெஷின். அடிப்பலகை ஊறிப் பருத்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பினாங்கின் ஈரத்தில் பாதி மெஷின்கள் அங்கேதான் செத்துப்போகும். இது செங்கல்மேல் நின்றதால் சுக்கு மாதிரி காய்ந்திருந்தது. பின்கதவைத் திறந்தேன். நம் ஊரில் ஓடியவற்றில் பெரும்பாலும் நகல் சர்க்யூட் போர்டுதான் இருக்கும். இதில் தயாரிப்பாளர் முத்திரையோடு அசல் போர்டு. சுவிட்சைப் போட்டதும் படமும் சத்தமும் ஒழுங்காக வந்தன.

கடைசியாக, கீழ் மூலையில் நகத்தால் சுரண்டினேன். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி கறுப்பு உரிந்து வந்தது. கீழே மஞ்சள், ஒரு கீறல்கூட இல்லாமல். அடித்தவர் சோம்பேறி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே இல்லை. பொறுமையாக இரண்டு வாரம் உட்கார்ந்தால் மொத்த ஓவியத்தையும் வெளியே எடுத்துவிடலாம். அதாவது எனக்கு அது இன்னமும் ஐயாயிரம் வெள்ளி மெஷின்தான். அக்கா அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். உரிந்த தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. குறை சொல், வேண்டாம் என்று கிளம்பு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பாவம் பார்ப்பதுபோல் மூன்றில் ஒரு பங்கு விலை சொல். ஆறு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டியவருக்கு வேறு வழி ஏது? ஆயிரத்து ஐநூறு என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"பெயிண்ட் அடிச்சுக் கெடுத்துட்டீங்களேக்கா. ஒரிஜினல் போயிருச்சுன்னா வெலையே இல்ல. இனிமே இது ஒன்னுத்துக்கும் ஆகாது," என்றேன்.

அக்கா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றார். "அந்தப் பெயிண்ட எடுக்க முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா."

பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தோம். வேனில் ஏறியதும் மணியிடம் என் திட்டத்தைப் பெருமையாக விளக்கினேன். அவன் "ஹ்ம்" என்றான். நாசி கண்டார் கடையில் இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நின்று சாப்பிட்டோம், இரண்டு தட்டுக்கு இருபத்தேழு வெள்ளி, கோழி நன்றாக இருந்தது. பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனதால் பேசக்கூட முடியவில்லை. சீக்கிரம் போனால் ஆசை தெரிந்துவிடும் என்று வேண்டுமென்றே இன்னொரு கிளாஸ் தேத்தாரே டீ வாங்கிக் குடித்தேன்.

ஒன்றே காலுக்குத் திரும்பினோம். அக்கா வாசல் நடைபாதையில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே நான்கு செங்கல் மட்டும் இருந்தன.

ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போன அந்த லாரியைத்தான் அக்கா நிறுத்தியிருக்கிறார். முழுசாகத் தூக்கிப் போகச் சொல்லியிருக்கிறார். இடம் அடைக்கும் என்று அவர்கள் அங்கேயே கடப்பாரையால் பிளந்து, செம்பையும் இரும்பையும் தனியாகப் பிரித்து ஏற்றிவிட்டார்கள். பார்க்கப் பொறுக்காமல் அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாராம். முப்பத்தைந்து வெள்ளி கொடுத்தார்களாம்.

"நீங்க ஆகாதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்க. சாவி குடுக்கணும், வேற யாரு தம்பி தூக்குவா?" என்றார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அவரு அவ்ளோ ஆசையா வாங்கினது. நானே கெடுத்துட்டேன்," என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். லாரி எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்டேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன்.

கிளம்பும்போது முப்பது வெள்ளியை மடித்து என் கையில் திணித்தார். தன்னால் எங்களுக்கு வீண் அலைச்சல், டோலுக்காவது ஆகட்டும் என்றார். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கிக்கொண்டேன்.

ஐம்பது நிமிடம் சந்து சந்தாக லாரியைத் தேடினோம், கிடைக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் மணி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். அப்புறம், "அந்தக்கா ஒன்ன நம்பிட்டாங்க லா, அவ்ளோதான்," என்றான். அவனைத் திட்டவாவது ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. டார்ச், ஸ்க்ரூடிரைவர், கட்டும் கயிறு, பழைய போர்வை எடுத்துப் போங்கள். போனில் பேசும்போதே, தூசியைக்கூடத் தட்ட வேண்டாம், அப்படியே வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். விலை பேசும் வித்தையெல்லாம் வியாபாரிகளிடம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமானை விற்கிறவருக்கு நீங்கள் சொல்வது விலைப்பேச்சு என்று தெரியாது. தெரிந்தவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது ஒரு மாதம் தாண்டியும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ரீத்தா அக்காவே போன் செய்தார். மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் திரை கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம், அதுவே போதுமாம். என் பிள்ளைகளை விசாரித்தார். வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, "என்மேல இன்னும் கோவமா தம்பி?" என்று கேட்டார்.

இல்லக்கா என்று சொன்னேன்.