பலகை மேல் வந்த வண்டி

ஒன்பது வருஷமாக அவள் ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வருஷமாகத் தெரு நலச் சங்கமும் அவளையே ஒருமனதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது. "அடுத்து செயலாளர் பதவி" என்று தலைவர் ஆரம்பிக்கும் நேரத்தில் அவள் உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருப்பாள். தட்டோடு வெளியே வந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். முதல் வருஷம் டீக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

தொழில் தையல். வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின். இடது பக்கம் காஜா எடுக்க வேண்டிய பள்ளிச் சட்டைகள். வலது பக்கம் மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள். தெருவிளக்குக்கு ஒரு கட்டு, குப்பைத் தொட்டிக்கு ஒரு கட்டு, குடிநீர்க் குழாய்க்கு ஒரு கட்டு. இஞ்ச் டேப்பைத் தேடினால் மனு கிடைக்கும். மனுவைத் தேடினால் சாக்பீஸ் கிடைக்கும். தெருவில் அவளுக்கு மனு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அக்கா, பையனோட சட்டையைத் தருவியா, இல்ல அதுக்கும் ஒரு மனு எழுதணுமா?" என்று கேலி பேசிவிட்டுப் போகும் பெண்களுக்கு அவள் வாயில் ஊசியைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டுவாள்.

எல்லாக் கட்டுகளையும்விடப் பருமனான கட்டு ஒன்று உண்டு. அது பாலத்தின் கட்டு.

பாலம் என்றால் பெரிய பாலம் இல்லை. தெரு முனையில் மழைநீர்க் கால்வாயின் மேல் போட்ட சிமெண்ட் தளம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அதன் பாதியை உடைத்துவிட்டுப் போனது. மீதிப் பாதியில் சைக்கிள் போகும், பைக் போகும். நாலு சக்கரம் போகாது.

நாலு சக்கரம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இருக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவுக்கு இன்னும் அவர் டிரைவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஆஸ்பத்திரி வேன் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். வீட்டிலிருந்து அங்கே நூற்றிருபது அடி. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போவார்கள்.

"உயிரோட இருக்கும்போதே நாலு பேர் தூக்குறாங்கப்பா. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?" என்பார் டிரைவர். தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். அவள் மட்டும் மருந்துப் பையைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன மாதம் அந்தச் சிரிப்பும் போனது. பள்ளத்தின் ஓரத்தில், தூக்கியவர்களில் ஒருவரான ஹார்டுவேர் கடைக்காரரின் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. டிரைவரின் இடது கை, ஊசி ஏற்றுகிற கை, சிமெண்ட் முனையில் மோதியது. மூன்று நாள் வீக்கம். "இந்தக் கை போச்சுன்னா வேற வழி தேடுறது கஷ்டம்மா. இனிமே அடிபடாம கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அன்றைக்கு மெஷினை மூடியவள்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாநகராட்சி அலுவலக வராந்தாவில் போய் நின்றாள். மழைக்கு முந்தைய வேலைகளின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. கடைசியில் இளகினார்கள். வியாழக்கிழமை காலை இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார். அவர் எழுதுவதுதான் முடிவு.

வியாழக்கிழமை! மூன்று வருஷம் காத்திருந்த நாள், அவள் தெருவில் இருக்க முடியாத நாள். விதி காலண்டரைப் பார்த்துத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

கட்டைத் தூக்கித் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனசு தங்கம்.

"நீ கவலைப்படாம ஆஸ்பத்திரிக்குப் போம்மா. இன்ஸ்பெக்‌ஷன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பார்த்தவன் நான்" என்றார் அவர்.

அந்தப் பேச்சில் ஆபத்து இருந்தது. அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வேன் திரும்பியது. தெரு முனையில் நிற்கும் என்று அவள் பையைத் தோளில் மாட்டினாள். வேன் நிற்கவில்லை. மெல்லத் திரும்பி, கால்வாயைக் கடந்து, வீட்டு வாசலில் வந்து நின்றது. படுத்திருந்த டிரைவர் கண்ணைத் திறந்தார்.

"வாசலுக்கே வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க..."

"ஜெயிச்சுட்டடி நீ!"

அவளுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து!

அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது தலைவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஹார்டுவேர்காரர். தலைவர் கையில் சங்கத்தின் வருகைப் பதிவேடு. எந்த அதிகாரி வந்தாலும் அதில் நாலு வரி எழுதி வாங்காமல் அவர் விடமாட்டார். பள்ளிக்கூடப் பழக்கம்.

"படிச்சுப் பாரும்மா. எவ்வளவு அழகா எழுதியிருக்கார்!"

'தெரு மிகச் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. சங்கத்தாருக்கு வாழ்த்துகள்.'

"பாலம் என்னாச்சு சார்?"

"காலையில உங்க வேன் கிளம்பினதுமே ஆரம்பிச்சுட்டோம்ல. தம்பி கடையிலிருந்து கனமான பலகை கொண்டுவந்தார். அடியில மணல் மூட்டை, மேல பலகை, அதுக்கு மேல செம்மண். ஓரத்துல சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டோம். அவர் ஜீப் குலுங்காம வந்துச்சும்மா!"

"சார்... பார்க்க வந்ததே அந்தப் பள்ளத்தைத்தானே?"

தலைவரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. முப்பது வருஷமாக அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒன்றுதான் அர்த்தம்: உடைந்த பெஞ்சை ஒளித்துவை, சுவருக்கு வெள்ளை அடி, வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது.

"அடியில பள்ளம் இருக்குன்னு சொன்னேம்மா" என்றார் குரல் இறங்கி. "எடுத்துக் காட்டுங்கன்னார். ஆணி அடிச்சிருந்தோம். அடுத்த தெருவுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டார், போட்டேன்."

அந்தப் பேப்பரின் நகலை அவள் வாங்கிப் படித்தாள். 'வாகனம் சென்று வரும் நிலையில் உள்ளது. குறை ஏதுமில்லை.' கீழே தலைவரின் முத்து முத்தான கையெழுத்து.

"அக்கா, திட்டிடுங்க அக்கா. இப்படிப் பேசாம நிக்காதீங்க" என்றார் ஹார்டுவேர்காரர்.

திட்டுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? "வெயில் அதிகமா இருக்கு. வீட்டுக்குப் போங்க தம்பி. நீங்களும் போங்க சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எழுத்தர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "மூடின மனுவைத் திறக்க முடியாதும்மா. புதுசா ஒண்ணு போடுங்க. தேதியோட ஃபோட்டோ வேணும். திங்கட்கிழமை பட்டியலை முடிச்சிடுவோம்."

"பள்ளம் இருக்கு சார். மேல பலகை போட்டு மூடிட்டாங்க."

"மூடியாச்சுன்னா அப்புறம் பள்ளம் எங்கம்மா இருக்கு?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மனசில்லை. பலகையைப் பெயர்த்தால் பள்ளம் தெரியும். மனு பட்டியலில் ஏறலாம். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. மறுபடி நாற்காலி, மறுபடி நாலு பேர், மறுபடி அந்தக் கை! பலகையை விட்டுவைத்தால் மழை வரும்வரை ஒரு மாதம் வேன் வாசலுக்கு வரும். இருக்கிற ஒரு மாதமாவது அந்த மனுஷர் அலுங்காமல் போய் வரட்டுமே. சங்கமாவது, தெருவாவது! பையிலிருந்து தாளை எடுத்து, இந்த முறை நிஜமாகவே, ராஜினாமாவை எழுதினாள். இரண்டே வரி.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகையை எப்ப எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது உங்களுக்கு?"

"யார் சொல்லணும்? முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன்டி. கான்கிரீட் மேல போறதுக்கும் பலகை மேல போறதுக்கும் சத்தம் தெரியாதா? முன் சக்கரத்துக்கு ஒரு தடவை 'டொக்', பின் சக்கரத்துக்கு ஒரு தடவை 'டொக்'."

"அப்புறம் எதுக்கு ஜெயிச்சுட்டேன்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியில சிரிப்பு வந்துச்சு. கெடுக்க மனசு வரல."

அவள் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ங்க. ஒரு மாசம் இப்படியே இருக்கட்டும்" என்றாள் நிமிராமலே.

"பள்ளம் தெரிஞ்சா நிறுத்திடுவான். மூடி வெச்சா நம்பி ஏத்துவான். நாளைக்கு ஸ்கூல் வேன் வரும், சிலிண்டர் லாரி வரும். வண்டிக்காரனை ஏமாத்துற ரோடு எனக்கு வேணாம்டி. எடுத்துடு."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடப்பாரையோடு ஹார்டுவேர்காரர் வந்தார். டிரைவர் ஜன்னலிலிருந்து, "இடது பக்க ஆணியை முதல்ல எடுப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பலகைகள் பெயர்ந்தன. மூட்டைகள் வெளியே வந்தன. பழைய பள்ளம், பழையபடியே, கறுத்த தண்ணீரோடு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பார்த்தவளுக்குப் பழகின முகம் போலிருந்தது.

ஃபோட்டோ எடுக்க அவள் செல்ஃபோனை நீட்டினாள்.

"இரு" என்று கத்தினார் டிரைவர். "பள்ளத்தை மட்டும் எடுத்தா பள்ளம்தான் தெரியும். இன்னொரு பலகையைப் போட்டுக்கோம்பான். என்னையும் சேர்த்து எடு."

மூன்று வருஷத்து மனுக்களில் ஒன்றில்கூட அவள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. 'பொதுமக்கள் சிரமப்படுகிறார்கள்' என்றே எழுதுவாள். சொந்த வீட்டுக்காகச் சங்கத்தைப் பயன்படுத்துகிறாள் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அதைவிட, ஒரு காலத்தில் அறுபது பேரை ஏற்றிப் போன மனுஷன் பிளாஸ்டிக் நாற்காலியில் போவதை எவனோ மேஜையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

"வேணாங்க..."

"எனக்கில்லாத வெட்கம் உனக்கெதுக்கு?"

நாற்காலி வந்தது. தூக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவதாகத் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன் காலைப் பிடித்தார்.

"சார், உங்க வயசுக்கு..."

"பேசாதம்மா. கையெழுத்துப் போட்ட கை இது."

பள்ளத்தின் விளிம்பில் நாலு பேரும் நின்றார்கள். டிரைவர் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் செல்ஃபோனைத் தூக்கினாள். திரை மங்கலாகத் தெரிந்தது. துடைத்தாள். மங்கல் திரையில் இல்லை.

"சீக்கிரம்மா, கை விட்டுப்போகுது" என்று மூச்சு வாங்கினார் தலைவர்.

டிரைவர் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. அப்புறம் குறை ஏதுமில்லைன்னு எழுதிடுவாங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். படம் விழுந்தது. நாலு பேரும் ஓரமாக, அடி அடியாக அந்தப் பக்கம் போய் அவரை வேனில் ஏற்றினார்கள். அந்தக் கையில் அடி படவில்லை.

வேன் கிளம்பியதும் உள்ளே அவள் பையைத் துழாவினாள். வேறு தாள் இல்லை. ராஜினாமா கடிதத்தைத் திருப்பி, அவருடைய காலடியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள்: 'ஐயா, படத்தில் நாற்காலியில் இருப்பவர் என் கணவர்.'