இருநூறு மீட்டரில் இரும்பு ஆடு

இர்விங்கில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் புஷ்பவல்லிக்கு, ஐம்பத்தோராவது வயதில் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. முட்டைகூடச் சாப்பிடாதவர். வீட்டுக்குள் பூச்சி வந்தால் ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய்ப் புல்வெளியில் விட்டுவிட்டு வருகிறவர்.

கூட வேலை பார்த்த டயான் என்ற பெண்மணி ஓய்வு பெற்றபோது, கேக் வெட்டுவதெல்லாம் வேண்டாம், ஃபோர்ட் வொர்த் பக்கம் இருக்கும் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்கு எல்லாரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். புஷ்பவல்லி எல்லாருடைய கைப்பைகளையும் பார்த்துக்கொள்ளத்தான் போனார். கடைசியில் வற்புறுத்தி, நாற்பத்துநான்கு மேக்னம் என்கிற பெரிய ரிவால்வரை அவர் கையில் கொடுத்தார்கள். விசையை இழுத்ததும் இரண்டு கைகளும் ஆகாயத்தைப் பார்த்துப் போயின. காதில் மாட்டியிருந்த கவசம் கோணிக்கொண்டது. அழப்போகிறார் என்று டயான் பயந்துபோய் ஓடிவந்தார். புஷ்பவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

கணவர் சுவாமிநாதன் லாஸ் கொலினாஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தகவல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டார்.

"புஷ்பா, நம்ம வீட்ல துப்பாக்கியா? ஜோக் பண்றியா?"

"க்ளாஸுக்குப் போயிட்டுதாங்க வாங்குவேன். லாக்கர் வச்சுடலாம். மனுஷங்களைச் சுட இல்லைங்க, ஆட்டைச் சுட."

"ஆட்டையா!"

"இரும்பு ஆடுங்க."

புஷ்பவல்லி சேர்ந்த அந்தக் குறிசுடும் விளையாட்டில் இரும்புத் தகட்டில் வெட்டிய மிருகங்களை வரிசையாக நிற்க வைத்திருப்பார்கள். ஐம்பது மீட்டரில் கோழி, நூறில் பன்றி, நூற்றைம்பதில் வான்கோழி, இருநூறு மீட்டரில் கொம்பு வளைந்த ஆடு. கைத்துப்பாக்கியால் சுட்டுத் தள்ள வேண்டும். முதல் வருடம் புஷ்பவல்லி கோழிகளோடு மல்லுக்கட்டினார். இரண்டாம் வருடம் பன்றிகள் விழத் தொடங்கின. அந்த வருடப் பொங்கல் விருந்தில் ஒரு பெண், "வீக்கெண்ட் எப்படிப் போச்சு ஆன்ட்டி?" என்று கேட்க, இவர் யோசிக்காமல், "நாலு கோழி, ரெண்டு பன்னி. ஆடுதான் விழமாட்டேங்குது" என்று பதில் சொன்னார். அந்தப் பெண் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஆடு உண்மையிலேயே விழவில்லை. அந்தப் பிப்ரவரியில் ஒரு குண்டு ஆட்டின் மேல் பட்டு, 'டங்' என்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ஆடு லேசாக ஆடிவிட்டு நின்றுகொண்டது. போட்டிகளை நடத்தும் ஏர்ல் என்ற முன்னாள் லாரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நன்றாகத்தான் பட்டது, மேடம். ஆனால் விழுந்தால்தான் கணக்கு. உங்கள் குண்டு இலேசு. அவ்வளவு தூரம் போவதற்குள் களைத்துப்போகிறது."

"அப்போ என்ன செய்வது?"

"கனமான குண்டு வேண்டும். கடையில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நான் என்னுடையதை ஈயத்தை உருக்கி நானே வார்த்துக்கொள்கிறேன்."

முந்நூறு கிரெயின் எடை என்றார் ஏர்ல். கிட்டத்தட்ட இருபது கிராம். கிரெயின் என்ற சொல்லைக் கேட்டதும் புஷ்பவல்லிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய மருந்துப் புத்தகங்களில் மாத்திரைகளுக்குப் புழங்கிய அதே அளவு அது.

வீட்டில் மறுபடி விவாதம்.

"ஈயம் விஷம் புஷ்பா. நீயே ஃபார்மசிஸ்ட். உனக்கு நான் சொல்லணுமா?"

"ஃபார்மசிஸ்ட்டுங்கறதாலதாங்க எப்படிப் பண்ணணும்னு தெரியும்."

சொன்னபடியே செய்தார். முதலில் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்து எழுதிவைத்துக்கொண்டார். வீட்டுக்குள் எதுவும் கிடையாது. கொல்லைப்புறத்தில், மேலே கூரையும் மூன்று பக்கம் காற்றும் உள்ள இடத்தில்தான் வேலை. அதற்கென்று தனி உடை, தனி செருப்பு, காற்றை வடிகட்டும் முகமூடி, முழங்கை வரை தோல் உறை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கூட இருக்கக்கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு நீர் விழுந்தால் வெடித்துச் சிதறும்.

ஈயம் டயர் கடையில் கிடைத்தது. சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் மாட்டுகிற சின்ன எடைக்கட்டிகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டுவந்து காரில் வைத்தார்.

மின்சாரப் பானையில் ஈயம் உருகிப் பாதரசம்போல் மின்னியது. மேலே மிதந்த கசடைக் கரண்டியால் வழித்துவிட்டு, இரும்பு அச்சில் ஊற்றினார். உறைந்ததும் மேல்தகட்டை மரச்சுத்தியால் தட்டி அச்சைத் திறக்க, மடித்து வைத்த துண்டின் மேல் இரண்டு குண்டுகள் விழுந்தன. இரண்டும் உலர்ந்த திராட்சைபோல் சுருங்கியிருந்தன. அச்சு போதுமான அளவு சூடாகவில்லை. பத்து முறை ஊற்றிய பிறகு சுருக்கம் போனது. முப்பதாவது முறைக்கு மேல் சூடு அதிகமாகி, பனி படர்ந்த மாதிரி மேற்பரப்பு வெளுத்தது. நடுவில் எங்கோ ஒரு தாளம் இருந்தது. ஊற்று, எண்ணு, தட்டு, திற. அதைப் பிடித்த பிறகு விழுந்த குண்டுகள், விளிம்பு கூர்மையாக, வெள்ளி மணிகள் போல வரிசையில் நின்றன.

ஒவ்வொன்றையும் எடைபோட்டார். எடை குறைந்தவற்றையும் பள்ளம் விழுந்தவற்றையும் தனியே ஒதுக்கி, மறுபடி பானையில் போட்டார். அந்தக் கணத்தில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியை அவரே எதிர்பார்க்கவில்லை. மருந்தகத்தில் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஓர் உயிருக்கு ஆபத்து. இருபத்திரண்டு வருடத்தில், தப்பாகிவிட்டது, திரும்பச் செய்யலாம் என்று ஒருநாள்கூடச் சொல்ல முடிந்ததில்லை. இங்கே தப்பெல்லாம் உருகி, அடுத்த வாய்ப்பாகத் திரும்பி வந்தது. அன்று மாலை வேலை முடிந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாளியில்தான் வினை வந்தது. பானையின் மேற்பரப்பு கஞ்சிபோல் கட்டிகட்டியாகத் திரண்டது. எவ்வளவு சூடு வைத்தாலும் அச்சு நிரம்பவில்லை. படத்தை ஏர்லுக்கு அனுப்பினார். ஒரே வார்த்தையில் பதில் வந்தது: 'துத்தநாகம்.' இப்போது பல கடைகளில் ஈயத்தோடு துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. ஒன்றிரண்டு உருகிக் கலந்தாலே பானை முழுக்கக் கெட்டுவிடும். பதினெட்டு பவுண்டு ஈயம் வீண். புஷ்பவல்லி கொல்லைப்புறப் படியில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சுவாமிநாதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஸார்ட் பண்ணிப் பிரிக்காமயா போட்டே?"

"பாத்துதாங்க போட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே மாதிரி இருக்காது. எதுலயாவது டிஃபரன்ஸ் இருக்கும்."

கையுறை மாட்டிக்கொண்டு மீதி வாளியைத் தரையில் கொட்டினார். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சிலவற்றில் துத்தநாகத்தின் குறியீடு பொடி எழுத்தில் பொறித்திருந்தது. எழுத்து அழிந்தவற்றைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்த்தார். ஈயத்தில் பிளேயர் இறங்கியது, துத்தநாகத்தில் வழுக்கியது. நான்கு டப்பாக்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினார். சந்தேகத்துக்குரியவை என்றே ஒரு டப்பா.

"ஏங்க, உங்களுக்கு இது பிடிச்சிருக்கு!" என்றார் புஷ்பவல்லி.

"டேட்டா க்ளீனிங்தானே இது" என்று முறைப்பாகச் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமை டயர் கடைக்குக் காரைக் கிளப்பியது அவர்தான்.

குண்டுகளுக்கு வண்ணப் பொடி பூசி, அதற்கென்றே வாங்கிய தனி அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். துப்பாக்கிக் குழாயில் ஈயம் ஒட்டாமல் இருக்க அது உதவும். என்ன நிறம் என்று ஆஸ்டினில் படிக்கும் மகள் ரக்ஷாவிடம் போனில் கேட்டார்கள்.

"அம்மா, மேங்கோ யெல்லோ. ஆப்வியஸ்லி" என்றாள் ரக்ஷா.

மாம்பழ நிறத்தில் முந்நூறு குண்டுகள் தயாராயின. வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் வேலையில், ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே புஷ்பவல்லி அடுத்ததைத் தொட்டார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஆட்டைச் சுட மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, அந்தக் காலின் பக்கவாட்டில் துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தீப்பொறி படாமல் காலுக்கு ஒரு தோல் மறைப்பு. பாயில் அப்படிப் படுத்திருந்த மனைவியைப் பார்த்து, "அனந்தசயனம்" என்றார் சுவாமிநாதன். குண்டு எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்லும் தொலைநோக்கிக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் குண்டு ஆட்டின் காலடியில் மண்ணைக் கிளப்பியது.

"கீழ. இன்னும் ஒரு அடி மேல."

இரண்டாவதும் கீழே. புஷ்பவல்லி மூச்சை வெளியே விட்டார். குறிநோக்கியின் திருகை இரண்டு 'க்ளிக்' திருப்பி உயர்த்தினார். மூன்றாவது.

வெடிச்சத்தம் போன பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. அதன் பிறகு 'டொங்' என்ற சத்தம் இருநூறு மீட்டர் தாண்டி வந்து சேர்ந்தது. ஆடு பின்னால் சாய்ந்து, யோசித்து, மல்லாக்க விழுந்தது.

"விழுந்துடுச்சு! புஷ்பா, விழுந்துடுச்சுடி!"

மணமாகி இருபத்தாறு வருடத்தில் சுவாமிநாதன் மனைவியை 'டி' போட்டதில்லை. பக்கத்துப் பாய்களில் இருந்தவர்கள் ஒரு வார்த்தையும் புரியாமல் கைதட்டினார்கள். புஷ்பவல்லி படுத்தபடியே சிரித்ததில் துப்பாக்கி குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை அடுத்ததைச் சுடக்கூடாது என்று ஏர்ல் கண்டிப்பாகச் சொன்னார்.

பத்து ஆடுகளில் நான்கு விழுந்தன. இருபத்தைந்து பேரில் அவருக்குப் பத்தொன்பதாவது இடம். பரிசெல்லாம் இல்லை.

சுற்று முடிந்ததும், விழுந்தவற்றைத் தூக்கி நிறுத்தி வண்ணம் அடிக்க எல்லாரும் நடந்து போனார்கள். முழங்கால்வரை வளர்ந்த புல்லில் நீலப் பூக்கள் மண்டியிருந்தன. தன்னுடைய முதல் ஆட்டைப் புஷ்பவல்லி அதுவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈயம் சிதறி, வெள்ளிப் பூவாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் துளி மாம்பழ மஞ்சள்.

"பெயின்ட் அடிச்சுடலாமா?" என்று கேட்டார் சுவாமிநாதன், கையில் டப்பாவோடு.

"ஒரு நிமிஷம் இருங்க. ரக்ஷாவுக்கு ஒரு ஃபோட்டோ."

படம் எடுத்தார்கள். பிறகு கொம்புப் பக்கம் அவரும் வால் பக்கம் இவருமாகப் பிடித்து, ஐம்பது பவுண்டுக்கு மேல் கனத்த அந்த ஆட்டை முனகிக்கொண்டே தூக்கி நிறுத்தினார்கள்.