நாற்பது தப்படி

அந்த நகரத்தில் எந்த வீட்டு நாய்க்கும் பயப்படாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது 'மீட்டர்' என்று எல்லாரும் கூப்பிடுகிற மனிதர்தான். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. கேட்டைப் பூட்டிக்கொள்ளும் வீடு, நாயை அவிழ்த்துவிடும் வீடு, மீட்டர் மேலேயே பூந்தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு "அப்படி ஒண்ணு எங்க வீட்ல இல்லவே இல்லையே" என்று சாதிக்கும் வீடு, எதையும் அவர் விட்டதில்லை. குனிவார், மண்ணைத் துடைப்பார், எண்ணைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். முப்பது வருஷத்தில் ஒரு வீட்டைக்கூடப் பார்க்காமல் எழுதியதில்லை. இதை அவரே நம்மிடம் சொல்வார், கேட்காமலேயே சொல்வார்.

வாரத்தில் ஆறு நாள் இந்த லட்சணம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வேறு. முட்டிக்குக் காப்பு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், முகம் தெரியாத ஹெல்மெட், காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான மோட்டார் சைக்கிள். நகரத்துக்கு வடக்கே அரசாங்கத்துக்குச் சொந்தமான குன்றுக் காடு இருந்தது. பொது நிலம், யாரும் போகலாம். அங்கே மண்ணிலும் பாறையிலும் வண்டி ஓட்டுகிற கூட்டம் ஒன்று, பதினைந்து பேர் இருபது பேர், வாராவாரம் சேரும். பாதைகளுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று முதுகொடிச்சான். ஒன்று பல்லாட்டி. தலையைக் குனிந்துகொண்டே போகவேண்டியிருந்த இன்னொன்று, மாமியார் வளைவு.

எல்லாரும் ஓட்டிக் களைத்துப் பாறையில் மல்லாந்து கிடக்கும்போது மீட்டர் மட்டும் பையிலிருந்து நோட்டை எடுப்பார். 'மாமியார் வளைவு, மேல் திருப்பம், மழையில் ஒரு முழம் அரித்திருக்கிறது' என்று எழுதிப் படம் பிடிப்பார். பிறகு கூட்டத்தை எழுப்பிக் கல் சுமக்க வைப்பார். தண்ணீர் வழிந்து போக வாய்க்கால் வெட்டச் சொல்வார். "ஓட்ட வந்தமா, கொத்து வேலைக்கு வந்தமா?" என்று முனகிக்கொண்டே செய்வார்கள். முடிந்ததும் இன்னொரு படம். சரி செய்வதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. பத்தொன்பது வருஷம் இப்படி, பதினோரு நோட்டு. அந்தப் பாதைகள் இத்தனை மழையைத் தாங்கி நின்றதற்கு இந்த மனிதரின் நச்சரிப்புதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

இந்தக் கூட்டத்தில் அவருக்கு எல்லாமே மச்சான்தான். லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவர். முதலில் சிநேகிதர், அப்புறம்தான் மச்சான். சேர்ந்து வண்டி ஓட்டப் போய், வீட்டுக்குச் சாப்பிட வந்து, சாப்பாடு பரிமாறிய தங்கையையே கட்டிக்கொண்டார் மீட்டர். "காட்டுக்கு வான்னு கூப்ட்டா வீட்டுக்கே வந்துட்டான்" என்று மச்சான் முப்பத்து மூன்று வருஷமாக அதே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாதை ஒன்று இருந்தது. பிளந்த பாறைக்கு அப்பால், இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து, செங்குத்தாக ஏறி, குன்றின் முதுகில் போய் நிற்கும். அங்கே பாறையிடுக்கில் கோடையிலும் தண்ணீர் கசியும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'அது' என்றால் அதுதான். இறங்கி வந்ததும் முள்கிளைகளை வெட்டி வாயை மூடிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். மச்சானின் மனைவி நாற்பது வயதில் இறந்துபோன வருஷம், மச்சான் ஞாயிறு தவறாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தார். மீட்டர் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டு, கூடவே இறங்கி வருவார். மச்சான் பித்துப் பிடிக்காமல் தப்பித்தது அந்தப் பாறையில்தான் என்று தங்கை இன்றைக்கும் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் நில அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. காட்டில் உள்ள பாதைகளை ஆராயப் போகிறார்களாம். பயன்படுத்துவோர் தங்கள் பாதைகளை ஆதாரத்துடன் தெரிவிக்கலாம், பட்டியலில் இல்லாத எதுவும் பாதையாகக் கருதப்படாது என்று கீழே ஒரு வரி.

பட்டறையில் கூட்டம் போட்டார்கள். டயர் மேலும் ஸ்பிரிங் கட்டு மேலும் உட்கார்ந்து ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"வேலி போடறதுக்கு அளவு கேக்கறான்," என்றார் மச்சான். "நாமளே டேப்பைப் பிடிச்சு அளந்து குடுக்கறதா?"

"மச்சான், காகிதத்துல இல்லாதது கவர்மெண்டுக்கு இல்லவே இல்ல. நான் முப்பது வருஷமா அங்கதான வேலை பாக்கறேன்," என்றார் மீட்டர். "நம்மகிட்ட பதினோரு நோட்டு இருக்கு. நாம நாசம் பண்ணல, காப்பாத்தறோம்னு அதுல ஒவ்வொரு பக்கமும் சொல்லுது. இதை விட ஆதாரம் எவன்கிட்ட இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது. எல்லாரும் போனபின் மச்சான் அவர் தோளைப் பிடித்தார்.

"டேய் மாப்ள. என்னத்தையோ குடுத்துத் தொலை. அதை மட்டும் குடுக்காத."

"சரி மச்சான்."

சரி என்று சொன்னவர் வீட்டுக்கு வந்து நோட்டுகளை அடுக்கிப் பார்த்தார். ஏழாவது நோட்டில் பாதி, 'அது'தான். அதை எடுத்துவிட்டால் தேதி இடிக்கும், பக்க எண் இடிக்கும். பட்டியலில் வராவிட்டால் பாதையே இல்லையென்று ஆகிவிடுமே, சொன்னால்தானே பிழைக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். அது பொய்ச் சமாதானம் இல்லை, உண்மையாகவே நம்பினார். ஆனால் அடியில் இன்னொன்றும் இருந்தது. முழுசாக இருக்கிற ஒரு வேலையில் ஓட்டை போட அவருக்குக் கை வரவில்லை. பதினொன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி, நெடுநெடுவென்று வளர்ந்த பெண். பக்கங்களைப் பயபக்தியோடு புரட்டினாள். "சார், நாங்க ரெண்டு வருஷம் அலைஞ்சாலும் இவ்வளவு சேர்க்க முடியாது," என்றாள். மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இதை மூன்று தடவை சொன்னார்.

"எங்கண்ணன் வேணாம்னு சொன்னதையும் குடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர் குளிக்கப் போய்விட்டார்.

பதினான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மொத்தம் நாற்பத்தொரு பாதை. முப்பத்தெட்டு மூடப்படுகிறது. காரணம், தொடர்ந்த மண்ணரிப்பு. ஆதாரம், 'பயன்படுத்துவோரின் சொந்தப் பதிவுகள், நோட்டு ஒன்று முதல் பதினொன்று வரை'. படங்களும் போட்டிருந்தார்கள். அத்தனையும் மீட்டர் எடுத்த படங்கள், அத்தனையும் சரி செய்வதற்கு முன் எடுத்தவை. பின்னால் எடுத்ததில் ஒன்றுகூட இல்லை. திறந்து விட்ட மூன்று பாதைகள் எவை தெரியுமா? குப்பைக் கிடங்குக்குப் போகும் சரளை ரோடு, பம்ப் ஹவுஸைச் சுற்றி வரும் தடம், பழைய கல்குவாரிச் சரிவு. ஒருவனும் ஓட்ட விரும்பாததால் மீட்டர் அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதாததால் அங்கே சேதமே இல்லையாம்!

இருபத்தேழாம் எண், 'அது'.

மீட்டர் எழுதிப் பார்த்தார். பின்னால் எடுத்த படங்களையும் பாருங்கள், நாங்கள் சரி செய்திருக்கிறோம் என்று நாலு பக்கம். பதில் இரண்டு வரியில் வந்தது. பழுது பார்க்க வேண்டியிருந்தது என்பதே பழுது ஏற்பட்டதற்குச் சான்றாகும்.

கூட்டம் கலைந்தது. வழியில் பார்த்தவர்கள் "என்ன எழுத்தாளரே, அடுத்த நோட்டு எப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மச்சான் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தங்கை போன் செய்தால் எடுப்பார், வேலை இருக்கிறது என்பார், வைத்துவிடுவார். வாராவாரம் வந்து சாப்பிட்ட மனிதர் வாசல் பக்கம் வரவில்லை. "எங்கண்ணனுக்கு வாயில வார்த்தை கம்மி, உங்களுக்குக் கையில ஜாஸ்தி," என்றாள் மனைவி. அதன் பிறகு சமையலறையில் பாத்திரம்தான் பேசியது.

மூன்று மாதம் போயிருக்கும். நெடிய அதிகாரி போன் செய்தாள். முப்பத்தேழு பாதைக்கும் பாறாங்கல் போட்டு அடைத்தாகிவிட்டது, இருபத்தேழின் வாய் மட்டும் அகப்படவில்லை, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்றாள்.

கண்டுபிடிக்க முடியவில்லை! மூடி வைத்த முள் இன்னும் காவல் காக்கிறது! போய் நிற்பது, காட்டைச் சுற்றிக் காட்டுவது, மழையில் போய்விட்டதென்று ஒரு வார்த்தை சொல்வது, அவ்வளவுதான். மச்சானுக்கு 'அது' மிஞ்சும்.

"இன்னைக்கு ஒரு பொய் சொல்லப் போறேன்," என்றார் மனைவியிடம்.

"உங்களுக்கு அது வராது. வாயை மூடிட்டு நின்னுட்டு வாங்க, அது போதும்."

மேகமூட்டமாக இருந்த காலை. கீழே பாறாங்கல்லோடு பொக்லைன் காத்திருந்தது. பிளந்த பாறையருகே அதிகாரியும் இரண்டு பணியாட்களும். அவள் கையில் ஏழாவது நோட்டின் நகல். மீட்டரின் கையெழுத்தை உரக்கப் படித்தாள். "பிளந்த பாறையிலிருந்து, ஓடைக்கு எதிர்ப்பக்கம், நாற்பது தப்படி. இரண்டு மரங்களுக்கு நடுவே."

எண்ணி நடந்தாள். நாற்பதாவது தப்படியில் வெறும் பாறைச் சுவர். திரும்பி வந்து மறுபடி எண்ணினாள். மறுபடி அதே சுவர். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. வழியில் அந்த இரண்டு மரங்களையும் அவள் இரண்டு தடவை தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழையில போயிருக்கும்மா," என்றார். சொல்லிவிட்டார்! குரல்கூட நடுங்கவில்லை.

"சும்மா வீட்ல உக்காந்து எழுதியிருப்பாரு மேடம்," என்றார் பணியாட்களில் ஒருவர்.

அதிகாரி தாளில் குறித்துக்கொண்டே வாசித்தாள். "எண் இருபத்தேழு, களத்தில் இல்லை. பயன்படுத்துவோர் குறிப்பு பிழை." பிறகு நிமிர்ந்து ஆதரவாகவே சொன்னாள். "பரவாயில்ல சார். பத்தொன்பது வருஷத்துல எங்கயாவது கை தவறத்தான் செய்யும். ஆனா இது தப்புன்னா மத்த குறிப்பையும் நம்ப முடியாதே. எல்லாத்தையும் திரும்பச் சரிபாக்கணும். மூடற முடிவையே மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஒரு பாதை இல்லை, முப்பத்தெட்டும் திரும்பி வருகிற வழி, தானாக வாசலில் வந்து நின்றது. மீட்டர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். பிழை. முப்பது வருஷம் பூந்தொட்டியை நகர்த்திப் பார்த்து எழுதியவருக்கு, வீட்டில் உட்கார்ந்து எழுதினவர் என்று பெயர்.

"பிழையெல்லாம் இல்லம்மா," என்றார். "உங்க கால் நீளம். என் தப்படி சின்னது."

ஐந்தடிக்கு இரண்டு விரல் மேல் இருந்த அந்த மனிதர் பிளந்த பாறையில் முதுகைச் சாய்த்து நின்று, தாமே எண்ணிக்கொண்டு நடந்தார். நாற்பதில் நின்றார். இடப்பக்கம் இரண்டு மரம், நடுவே காய்ந்த முள். "பாத்தீங்களா?" என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம், அதை மறைத்து என்ன பயன்? அந்தச் சந்தோஷம் பொக்லைன் உறுமுகிற வரைக்கும் இருந்தது.

ஏழு பாறாங்கல். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அதிகாரி கை கொடுத்து நன்றி சொன்னாள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பட்டறைக்குப் போனார். மச்சான் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"மச்சான், அதை அடைச்சுட்டாங்க."

"அவங்களே கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. நான் காட்டினேன்."

"மிரட்டினாங்களா?"

"இல்ல. கிளம்பிட்டிருந்தாங்க. நான் எழுதினது தப்புன்னு எழுதிட்டாங்க மச்சான். அதை வச்சு எல்லாத்தையும் மறுபடி பாக்கறேன்னுகூடச் சொன்னாங்க. எனக்கு அப்ப அது மண்டையில ஏறல." ஒன்றையும் விடாமல் சொன்னார்.

மச்சான் துணியை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். மீட்டர் கன்னத்தில் அறை வாங்கத் தயாராக நின்றார். அறைந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

"சரிங்க," என்றார் மச்சான். "வெளிய லாரி திரும்புது. பாத்துப் போங்க."

சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார். மீட்டர் அங்கேயே நின்றார், உள்ளேயிருந்து ஒரு 'டேய்' வருமென்று. சுத்தியல் சத்தம்தான் வந்தது.