தலையாட்டமும் பித்தளை லென்ஸும்

"நான் எடுத்தா படத்துல முகம் தெளிவா விழும், பாய்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எனக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி. வேலூரில் என் ஸ்டூடியோவுக்கு வரும் முன்பே அவர் இரண்டு இடத்தில் படத்துக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டார். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. அவருக்குத் தலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், நிற்காது. அங்கெல்லாம் தலை அசையாமலிருக்கப் பிடரியில் இரும்புக் கவட்டை வைத்து எடுத்தும் ஒரு முகத்தில் மூன்று மூக்கு விழுந்திருந்தது. ரங்கூனில் கட்டிக்கொடுத்த மகள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அப்பா முகத்தைப் பார்க்கணும் என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஊர்க்காரர் ஒருவர் கப்பலேறக் கிளம்புகிறார். படம் அவர் கையில் போயாகணும்.

என் புது லென்ஸில் படம் விழ இரண்டு விநாடி வேணும். அதற்குள் அந்தத் தலை நாலைந்து தடவை போய்வரும். பெட்டியில் கிடந்த பழைய பித்தளை லென்ஸை எடுத்தேன். ஆதியில் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் நிமிஷக்கணக்கில் அசையக் கூடாதாம். வியன்னாவில் ஒரு கணக்கு வாத்தியார் பேப்பரில் கணக்குப் போட்டே இந்த ஜாதி லென்ஸை உண்டாக்கி, அந்தக் கஷ்டத்தை ஒழித்தார். அகலமான வாய், வெளிச்சத்தை அப்படியே அள்ளும். நடுவில் படு தெளிவு, ஓரமெல்லாம் சுழன்று கலங்கிவிடும். கல்யாணக் கூட்டத்தை இதில் எடுத்தால் ஓரத்தில் நின்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஆனால் ஒற்றை முகத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எடுத்தவன் சும்மா இருந்தேனா? எங்கள் பக்கத்தில் எதைத் துடைக்கவும் ஒரு துண்டுத் தோல்தான். மெத்தென்ற ஆட்டுத்தோலால் கண்ணாடியைத் துடைத்தேன். தோலைப் பதம்போட்ட எண்ணெய் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அதை எடுக்கப் பின்பக்கத்தைக் கழற்றினால் இரண்டு கண்ணாடியும் நடுவில் ஒரு வளையமும் உள்ளங்கையில் விழுந்தன. எது முன்னால், எது எந்தப் பக்கம் பார்த்தது என்று கவனிக்கவில்லை. திரும்பப் பூட்டிப் பார்த்தால் பிம்பமெல்லாம் கூழ். தோல் ஊரில் பிறந்த புத்தி!

விடவில்லை. இரண்டு கண்ணாடியை முன்பின்னாக, திருப்பித் திருப்பிப் போட எட்டு வழி உண்டு. எட்டையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்து, ஒவ்வொன்றாகப் பூட்டி, கேமரா வழியாக எதிர்ச் சுவர்க் காலண்டர் எழுத்தைப் பார்த்து, சரியில்லாததை அடித்தேன். ஏழாவது வழியில் எழுத்து பளிச்சென்று நின்றது. அதற்குள் புதன்கிழமையும் போய்விட்டது.

வியாழன் காலை அவரை முற்றத்து வெயிலில் உட்காரவைத்தேன். கவட்டையைத் தூக்கிப் போட்டேன். பிடிக்கப் பிடிக்கத்தான் ஆட்டம் கூடியது. இந்த லென்ஸில் கண் தெளிந்தால் காது மங்கும், முன்னே பின்னே ஒரு விரல் நகரக் கூடாது. அதனால் முதுகைச் சுவரோடு ஒட்டவைத்தேன். ஆடுகிற தலை ஒரு ஓரம் போய்த் திரும்பும்போது கண்சிமிட்டுகிற நேரம் நிற்கிறது. அதைத்தான் பிடிக்கணும். ஷட்டரின் ரப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தலையோடு நானும் எண்ணினேன். மூன்று பிளேட் வீண்.

"போதும் தம்பி, உங்களுக்கும் பேஜார்" என்றார்.

"சும்மா உக்காருங்க பாய்" என்று அதட்டினேன். நாலாவதில் பந்தை அமுக்கியபோதே கைக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் படத்தைக் கொடுத்தேன். ஒரே மூக்கு, இரண்டு கண், தாடியில் முடி முடியாக. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

"பொண்ணுக்கு ரெண்டா?"

"எனக்கு. கண்ணாடியில பார்த்தாலும் ஆடிக்கிட்டேதானே இருக்கேன்? என் மூஞ்சி இன்னா மாதிரி இருக்கும்னே மறந்துபோய்ட்டேன், தம்பி."