கோடு போட்ட ரோடும் சைக்கிள் சக்கரமும்

அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை. இந்தப் பயணத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எனக்கு வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, கண்டியில் ஓர் அச்சகத்தில் வேலை. மழை குறைந்திருக்கும் என்று நம்பி, பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சைக்கிளை ரயிலில் ஏற்றி ஹட்டனுக்கு வந்து தங்கினேன். அறை வாடகை 3,500 ரூபாய். மறுநாள் சுமார் இருபது கிலோமீற்றர் மிதித்துப் பொகவந்தலாவை போய்த் திரும்புவது திட்டம். யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை.

காலை 6.45க்குக் கிளம்பினேன். டவுனில் ஒரு கடை வாசலில் பதித்திருந்த இன்டர்லாக் கல் பனியில் நனைந்திருந்தது. அதில் திரும்பும்போதே பின்சக்கரம் ஒருமுறை சறுக்கியது. நடைபாதைகளில் மஞ்சளாகக் குமிழ் குமிழாகக் கல் பதிப்பார்களே, அதுவும் ஈரத்தில் இப்படித்தான். பார்வையற்றவர்களுக்குக் கைகொடுக்கும், சைக்கிள்காரனின் காலை வாரிவிடும். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

7.50க்கு நோர்வூட். பிளேன்டீ குடித்த கடை முதலாளியை, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அழைப்பதுபோல் நானா என்று கூப்பிட்டு வழி கேட்டேன். பஸ் ரோட்டில் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், தோட்டத்து வழியே சுற்றிப் போனால் மூன்று கிலோமீற்றர்தான் கூட என்றார். “கோடு போட்ட ரோட்டால போங்க தம்பி. நல்ல ரோடு, வழுக்காது.”

கோடு என்றதும் நடுவில் வெள்ளைக் கோடு போட்ட, வழுவழுப்பான தார்க் காபட் ரோடு என் மனதில் விரிந்தது. சந்தோஷமாகத் திரும்பினேன். போய்ப் பார்த்தால் கொங்கிரீட்! ஈரமாக இருக்கும்போதே கம்பியால் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறிவிட்ட கோடுகள். இங்கே கோடு போட்ட ரோடு என்றால் இதுதான். நானாவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய ஆட்டோவுக்கு அது நல்ல ரோடுதான்.

ஏற்றத்தில் கோடுகள் குறுக்காக இருந்தன. அதிர்வில் பல் தந்தியடித்தாலும் பிடிமானம் கிடைத்தது. 8.40 இருக்கும், இறக்கத்தில் ஒரு வளைவு. அங்கே கோடுகள் நெடுக்காக மாறியதைக் கவனிக்கவில்லை. என் டயர் 25 மில்லிமீற்றர். முன்சக்கரம் கோட்டுக்குள் இறங்கியது. ஹேண்டிலைத் திருப்பினேன், திரும்பவில்லை. கோடு போன திசையிலேயே நானும் போய் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்தேன்.

இடது மணிக்கட்டை அசைக்க முடியவில்லை. என் போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் தேயிலை, காற்றுச் சத்தம்கூட இல்லை. வலியைவிட ஒரு கணக்குத்தான் பயமுறுத்தியது. இங்கேயே கிடந்தால், திங்கட்கிழமை வேலைக்கு வராததை வைத்துத்தான் என்னைத் தேடுவார்கள். அதுவும் பத்து மணிக்கு மேல்.

என்னைக் கண்டது யோகேஸ்வரி. கொழுந்து பறிக்கும் பெண், ஞாயிறு லீவு என்பதால் வளைவுக்குக் கீழே தண்ணீர் விழும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்து, பிடித்து உட்காரவைத்து, ஈரத்துணியால் கையைச் சுற்றினார். கோட்டைப் பற்றி முனகினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அந்தக் கோட்ட நாங்க தோட்டத்து ஆளுங்கதாண்ணே இழுத்தோம். குறுக்கால போட்ட எடத்துல தண்ணி தேங்கி பாசி புடிச்சு, ரெண்டு பேரு வழுக்கி விழுந்துட்டாங்க. அதான் இந்த எறக்கத்துல தண்ணி ஓடட்டும்னு நெட்டுக்குப் போட்டோம். சைக்கிள்ல யாரு இங்கிட்டு வர்றா?”

நியாயம்தான். பிறகு, வேறு கம்பனி சிம் என்பதால் சிக்னல் இருந்த தன் போனை எடுத்து, வீட்டுக்குச் சொல்ல நம்பர் கேட்டார். வாயில் வந்தது அம்மாவின் நம்பர். ஐந்து இலக்கம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவர் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் இல்லை என்றேன். அம்மா இறந்த இந்த இரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

 அவர் ஆட்டோவுக்குப் போன் அடித்து வரச்சொன்னார். ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு 2,800 ரூபாய், சைக்கிளைப் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டோம். ஏறும்போது என் போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். “வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்கோல் குடுங்கண்ணே. இல்லாட்டி மனசு கெடந்து அடிச்சுக்கும்.”

எலும்பில் கீறல், மூன்று வாரம் கட்டு. போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 40 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரோடு தோட்டத்து ரோட்டில் இறங்காதீர்கள். குறுக்குக் கோட்டில் மெதுவாகப் போகலாம். நெடுக்குக் கோட்டைக் கண்டால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். உள்ளே மாட்டினால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல் வேகத்தைக் குறையுங்கள். வழி சொல்கிறவரிடம் எந்தக் கோடு என்று கேளுங்கள். கிளம்பும் முன் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டாராக இருந்தாலும் சரி.

ரயிலில் கண்டிக்குத் திரும்பி, மாலை 6.20க்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். விளக்கைப் போடுவதற்கு முன் அந்த நம்பருக்கு அடித்து, இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அரை நிமிடத்தில் அந்தப் பக்கமிருந்தும் ஒரு மிஸ்கோல் வந்தது. அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினேன்.